டவுனில் கத்திக்குத்து: செயலணி அமைப்பதென்றால் எங்கே தொடங்குவது?

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். ஹட்டன் பக்கத்து டவுன் ஒன்றில் அப்பாவின் கடையை எடுத்து நடத்தும் தம்பி ஒருவர் கேட்கிறார்: மூன்று மாதத்துக்குள் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இரண்டு கத்திக்குத்து, சனி ஞாயிறென்றால் அடிதடி. வர்த்தகர் சங்கமும் நகர சபை உறுப்பினர்களும் கோயில் கமிட்டியும் சேர்ந்து வன்முறையைக் குறைக்க ஒரு டாஸ்க் ஃபோர்ஸ் அமைக்கலாமா, அதற்கு எங்கே அனுமதி வாங்குவது? கடைசி வரியில் மெதுவாக இன்னொன்றும் சேர்த்திருக்கிறார்: "எஸ்.டி.எஃப்.பைக் கூப்பிட்டால் அடங்காதா?"

எஸ்.டி.எஃப். என்பது பொலிஸின் விசேட அதிரடிப்படை. செயலணிக்கும் அதிரடிப்படைக்கும் இங்கிலீஷில் ஒரே பெயர்தான், டாஸ்க் ஃபோர்ஸ். தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஜனாதிபதி நியமித்தால் அது செயலணி, துப்பாக்கியோடு ஜீப்பில் வந்தால் அது அதிரடிப்படை. தம்பி, நீங்கள் கேட்பது முதலாவதை, மனசு தேடுவது இரண்டாவதை. அதில் தப்பு சொல்ல மாட்டேன், கடைவாசலில் இரத்தம் சிந்தியதைப் பார்த்தவருக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் அடியில் இருக்கிற கேள்வி எனக்கு இப்படிப் படுகிறது: பொலிஸ் நம் கையில் இல்லை, அப்படியிருக்க அடுத்த கத்திக்குத்து நடக்காமலிருக்க இந்த ஊரில் யார் எதைச் செய்ய முடியும்? அதற்குத்தான் பதில் சொல்கிறேன்.

நான் பொலிஸ்காரன் அல்ல. மத்திய மாகாணத்தில் இருபத்தாறு வருடம் நன்னடத்தை அலுவலராக இருந்தேன். கத்தி பிடித்த பையன்களின் வீடு வாசலைப் பார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுவது என் வேலை. ஓய்வுக்குப் பிறகு, சின்னத் தகராறுகளை நீதிமன்றத்துக்குப் போகாமல் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபையில் உட்காருகிறேன். கொழும்புப் பக்கத்துப் பாதாள உலகம், துப்பாக்கிக் கும்பல்கள் எல்லாம் என் அனுபவத்துக்கு வெளியே. தோட்டமும் டவுனும் ஒட்டிக்கிடக்கிற நம் பக்கத்துச் சண்டைகளுக்கு மட்டும் நான் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். இலங்கையில் பொலிஸ் ஒன்றுதான், பொலிஸ் மா அதிபரின் கீழ். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் மாகாணங்களுக்குப் பொலிஸ் அதிகாரம் என்று எழுதிவைத்தது, நடைமுறைக்கு வரவில்லை. மாகாண சபைக்கே இல்லாதது நகர சபைக்கு எங்கிருந்து வரும்? கண்ணெதிரே பாரதூரமான குற்றம் செய்பவரை யாரும் பிடித்து உடனே பொலிஸில் ஒப்படைக்கலாம் என்று சட்டத்தில் ஓர் இடம் உண்டு. அது எல்லோருக்கும் உள்ளதுதான். அதற்கு மேல் ஒருவரை நிறுத்தவோ பையைச் சோதிக்கவோ உங்கள் குழுவுக்கு எந்த அதிகாரமும் கிடைக்காது. இதை முதல் கூட்டத்திலேயே கறாராகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் மாதம் நாலு பேர் ஒரே நிற டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு பொல்லோடு ராத்திரி ரோந்து போவார்கள், அடுத்த வழக்கு அவர்கள் மேலேயே வரும். அனுமதி விஷயம் லேசானது: கூடிப் பேச யாரிடமும் கேட்க வேண்டாம். கிராம சேவகர் பிரிவு மட்டத்தில் சிவில் பாதுகாப்புக் குழு என்றோ வேறு பெயரிலோ பொலிஸே அமைத்த ஏற்பாடு இருக்கும். அதற்கு எதிராகப் போகாமல், அதில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு, பிரதேச செயலாளரைத் தலைமைக்கு அழைப்பது நல்லது. நகர சபைத் தலைவர் தலைமை தாங்கினால் அடுத்த தேர்தலோடு குழு இரண்டாகும்.

சரி, அதிரடிப்படை. விசேட அதிரடிப்படை 1984இல் போருக்காக உருவானது. பஸ் ஸ்டாண்டில் அவர்கள் நிற்கும் நாட்களில் பஸ் ஸ்டாண்ட் அமைதியாக இருக்கும், அதில் சந்தேகமில்லை. அவர்கள் போன பிறகு? வெளிநாட்டிலும் தனிப் படை அமைத்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 2021இல் வன்முறையை ஒடுக்க 'ஸ்கார்பியன்' என்ற பிரிவைத் தொடங்கினார்கள். 2023 ஜனவரியில் டயர் நிக்கல்ஸ் என்ற இளைஞர் அந்தப் பிரிவினரின் அடியால் இறந்ததும் அதைக் கலைத்தார்கள். பால்டிமோரில் துப்பாக்கிகளைப் பிடிக்க அமைத்த பொலிஸ் செயலணியின் ஆட்களே கொள்ளையடித்ததாக 2017இல் கைதானார்கள். தூரத்து உதாரணம் வேண்டாமென்றால் 2023 டிசம்பரில் நம் நாட்டில் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையை எடுங்கள். வீடு வீடாகச் சோதனை, ஆயிரக்கணக்கில் கைது. அடுத்த மாதமே ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் அதை நிறுத்தச் சொன்னார்கள். இப்படி அள்ளிக்கொண்டு போகும்போது தோட்டத்து லயன் வீட்டுப் பையன் ஒருவன் இரண்டு கிழமை உள்ளே இருந்துவிட்டு வருகிறான் என்று வையுங்கள். வேலை போயிருக்கும், பொலிஸ் மேல் வெறுப்பு வந்திருக்கும். அதற்குப் பிறகு அவனோ அவன் வீட்டாரோ ஒரு சண்டையைப் பற்றிப் பொலிஸுக்கு வாய் திறக்க மாட்டார்கள். அந்த மௌனத்தின் விலையை நான் பல வழக்குகளில் பார்த்திருக்கிறேன்.

அப்படியென்றால் என்ன வேலை செய்கிறது? இங்கே எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். வன்முறை ஊர் முழுக்கச் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை. சில இடம், சில நேரம், சில ஆள். குற்றவியலில் பல நாடுகளில் திரும்பத் திரும்ப உறுதியான விஷயங்களில் இதுவும் ஒன்று. உங்கள் டவுனிலும் அந்த இடங்கள் எவை என்று கேட்டால் ஆட்டோ ஸ்டாண்டில் நிற்பவர் விரல் விட்டுச் சொல்வார். சிக்கல் என்னவென்றால் அவர் சொல்வது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இதற்கு வழி காட்டியவர் ஒரு தாடை அறுவைச் சிகிச்சை நிபுணர். வேல்ஸின் கார்டிஃப் நகரில் ஜொனதன் ஷெப்பர்ட் என்பவர், அடிபட்டு வைத்தியசாலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பொலிஸ் பதிவில் இல்லை என்பதைக் கண்டார். வரவேற்பில் இருக்கும் பணியாளர்களைச் சில கேள்விகள் மட்டும் கேட்கச் சொன்னார்: எந்த இடம், எத்தனை மணி, எந்த ஆயுதம். பெயர் வேண்டாம். அந்தத் தாளை மாதாமாதம் பொலிஸும் நகர சபையும் வைத்தியரும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தார்கள். எந்த மதுக்கடை வாசல், எந்த மணிக்கு என்று தெரிந்ததும் பொலிஸ் நிற்கும் இடத்தை மாற்றினார்கள். 2011இல் வெளியான ஆய்வில், ஒப்பிட்ட மற்ற நகரங்களைவிட கார்டிஃபில் அடிபட்டு வைத்தியசாலையில் சேர்ந்தவர்கள் 42 வீதம் குறைவு என்று தெரிந்தது. ஒப்பீட்டு நகரங்களோடு வைத்துப் பார்த்த ஆய்வு என்பதால் இதை நான் நம்புகிறேன்.

இதை டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலோ உங்களுக்குக் கிட்டிய வேறு வைத்தியசாலையிலோ செய்ய முடியாதா? முடியும். பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்குப் பிரதேச செயலாளர் ஒரு கடிதம் எழுத வேண்டும், அவ்வளவுதான் தொடக்கம். ஒரு சி.ஆர். கொப்பி போதும். கம்ப்யூட்டர், ஆப் என்று யாராவது எழுந்தால் உட்காரச் சொல்லுங்கள். ஆனால் பெயரை மட்டும் எழுதவே கூடாது. பெயர் வெளியே போனால் அடுத்த ஆள் "விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு மருந்து கட்டிக்கொண்டு போய்விடுவான்.

இப்போது ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன், ஊரும் பெயரும் மாற்ற வேண்டியதில்லை, சொல்லவே போவதில்லை. பதினேழு வயது. டவுனில் வைத்து இன்னொரு தோட்டத்துப் பையனின் தோளில் வெட்டியிருந்தான். நான் லயத்துக்குப் போனபோது பாட்டி கதவைத் திறந்தார். கத்தி, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, செத்துப்போன தாத்தாவுடையது, கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. "ஏன்டா எடுத்துட்டுப் போனே?" என்று கேட்டேன். "அவனுங்க எடுத்துட்டு வர்றானுங்கன்னு சொன்னாங்க சார்" என்றான். சண்டையின் வேர் ஒரு வாலிபால் மேட்ச். பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதில் தள்ளுமுள்ளு, அதில் ஓர் ஆட்டோவின் கண்ணாடி உடைந்தது, காசு கொடுக்கிறேன் என்றவன் கொடுக்கவில்லை, வாட்ஸ்அப்பில் வாய்ச்சண்டை. மேட்சுக்கும் வெட்டுக்கும் நடுவில் இருபது நாள். அந்த இருபது நாளும் பி.டி. மாஸ்டருக்குத் தெரியும், ஆட்டோ ஸ்டாண்டுக்குத் தெரியும், தோட்டத் தலைவருக்கும் தெரியும். மற்றப் பையனின் வீட்டுக்கும் போனேன். அவனும் ஒரு கத்தி வைத்திருந்தான், அவன் சொன்ன காரணமும் அச்சொட்டாக அதே காரணம்.

உங்கள் செயலணிக்கு வேலை அந்த இருபது நாளில்தான் இருக்கிறது என்பேன். கண்ணாடி ஒன்றின் விலைதானே. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி நடக்கும் மத்தியஸ்த சபைக்குப் பொலிஸ் அனுப்பித்தான் வர வேண்டும் என்றில்லை, சம்பந்தப்பட்டவரே நேரில் விண்ணப்பிக்கலாம், சட்டத்தரணியும் தேவையில்லை. இது முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. எங்களிடம் சிறு காயம் என்று வரும் கோப்புகளைத் தோண்டினால் அடியில் வேலித் தகராறு, கைமாற்றுக் காசு, தண்ணீர்க் குழாய் என்று ஏதாவது பழசு கிடக்கும். கத்தி வெளியே வந்த பிறகு எங்களால் ஆவது குறைவு. அதற்கு முன்னால் வந்தால் ஒரு தேத்தண்ணியோடு முடியும் விஷயங்கள் நிறைய.

வெளிநாட்டில் புகழ்பெற்ற இரண்டு முயற்சிகளைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்வார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். 1996இல் பொஸ்டன் நகரில் பொலிஸ், நன்னடத்தை அலுவலர்கள், தேவாலயப் போதகர்கள் சேர்ந்து கும்பல் பையன்களை நேரில் கூப்பிட்டு, "சுடுவதை நிறுத்துங்கள், வேலையோ படிப்போ வேண்டுமென்றால் நாங்கள் இருக்கிறோம், யாராவது ஒருவன் சுட்டால் முழுக் கும்பலையும் கவனிப்போம்" என்றார்கள். இளைஞர் கொலைகளின் மாதாந்த எண்ணிக்கை 63 வீதம் குறைந்ததாக மதிப்பீடு. அது முழுக்க அந்த முயற்சியால்தானா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள், அதே காலத்தில் வேறு அமெரிக்க நகரங்களிலும் கொலை குறைந்தது. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நமக்குக் கொஞ்சம் நெருக்கம், அங்கேயும் பிரச்சினை கத்திதான். 2005இல் வன்முறையைத் தொற்றுநோய் மாதிரிப் பார்க்கும் ஒரு பிரிவைப் பொலிஸே தொடங்கியது, பிறகு கொலைகள் நன்றாகக் குறைந்தன. ஆனால் எந்த மருந்து எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பொஸ்டனிலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு ஒன்று: ஓடியாடியவர்கள் 2000 வாக்கில் வேறு வேலைக்குப் போனதும் அங்கே கூட்டு முயற்சி படுத்தது, கொலையும் ஏறியது. நம் ஊரில் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி ஒருவர் இரண்டு வருடம் தாண்டி இருந்தால் அதிசயம். ஆகவே குழுவின் நினைவை எந்த அதிகாரியின் தலைக்குள்ளும் விடாதீர்கள், கொப்பியில் இருக்கட்டும்.

மொழியைப் பற்றிப் பேசாமல் நம் பக்கத்தில் குற்றத்தைப் பற்றிப் பேச முடியாது. கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் பக்கத்து வீட்டுக்காரன் கத்தியைக் காட்டி மிரட்டினான் என்று முறைப்பாடு செய்தார். எழுதியவருக்குத் தமிழ் வராது, கூட வந்த ஆட்டோக்காரர்தான் மொழிபெயர்ப்பு. மாதம் கழித்து நீதிமன்றத்தில் அந்தச் சிங்கள வாக்குமூலத்தை வாசித்தபோது அதில் ஏச்சு இருந்தது, கத்தி இல்லை. கீழே அவருடைய கையெழுத்து. அந்த நிலையத்தில் யாரும் வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக் கோவை, 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கம், 109ஆம் பிரிவைப் பாருங்கள்: வாய்மொழி முறைப்பாட்டைச் சொன்ன மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்ட வேண்டும், அது முடியாதென்றால் முறைப்பாட்டாளரையே எழுதித் தரச் சொல்ல வேண்டும். உங்கள் வர்த்தகர் சங்கத்தில் இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக் கொடுக்க உதவும் இரண்டு பேரின் நம்பரை வெளியில் ஒட்டினாலே, சிசிடிவி கமரா வாங்கும் செலவைவிடப் பயன் கூட. கமராவை வேண்டாமென்று சொல்லவில்லை. அது நடந்ததைக் காட்டும், குடித்துவிட்டு வருகிறவன் மேலே பார்ப்பதில்லை.

குடியைப் பற்றி உங்களுக்கே தெரியும். சம்பளம் விழும் பத்தாம் திகதியை ஒட்டிய சனிக்கிழமை, போயாவுக்கு முதல் நாள், திருவிழா இரவு. போயா அன்று கடை மூடியிருக்கும் என்பதால் முதல் நாள் வாங்கிக் குவிப்பார்கள், கள்ளச்சாராயம் விற்கும் கசிப்புக்காரனுக்கு விடுமுறை கிடையாது. மதுபான அனுமதிப்பத்திரம் மதுவரித் திணைக்களத்தின் கையில், நகர சபையின் கையில் இல்லை. ஆனால் கடை எங்கே இருக்கிறது, வெளியே வருகிறவன் எந்த இருட்டு வழியாகப் பஸ்ஸுக்குப் போகிறான் என்பதெல்லாம் சபையின் விஷயம். வீதி விளக்கு சின்ன விஷயமாகத் தெரியும். நியூயோர்க்கின் வீட்டுத்தொகுதிகளில் குலுக்கல் முறையில் விளக்குப் போட்டுப் பார்த்தபோது இரவில் வெளியே நடக்கும் பாரதூரமான குற்றங்கள் 36 வீதம் குறைந்தன. அதே எண் நமக்கும் வரும் என்று சொல்ல மாட்டேன். என்றாலும் செலவுக்கு ஏற்ற பலன் தரும் வேலை இது.

கத்தி விஷயத்தில் எனக்கு ஓர் எண்ணம் உண்டு, ஆதாரம் நேரடியானதல்ல. நம் நாட்டில் தற்கொலை வீதம் 1995இல் உச்சத்தில் இருந்தது, ஒரு லட்சம் பேருக்கு 47 வரை. 2005க்குள் அது பாதியானது. ஆபத்தான பூச்சிமருந்துகளைத் தடைசெய்ததற்குத்தான் அதில் பெரிய பங்கு என்று ஆய்வுகள் சொல்கின்றன. கோபமோ துக்கமோ உச்சத்தில் இருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் கையெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பது அவ்வளவு முக்கியம். கவ்வாத்துக் கத்தியைத் தடைசெய்ய முடியாது, அது சோறு போடும் கருவி. ஆனால் டவுன் கடைகளில் தொங்கும் மடக்குக் கத்திகளை ஸ்கூல் பையன்களுக்கு விற்பதில்லை என்று உங்கள் சங்கமே முடிவெடுக்கலாம், அதற்கு எந்தச் சட்டமும் வேண்டாம். தம்பி, உங்கள் கடையிலும் தொங்கினால் அதிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி அமைக்கும் எந்தக் குழுவுக்கும் வீட்டுக்குள் நடப்பது தெரியாது. லயத்துச் சுவர் வழியாகப் பக்கத்து வீட்டுக்கு எல்லாம் கேட்கும், ஆனால் அது வெளியே வராது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், இடைக்காலக் கட்டளை 14 நாள் வரை, முழுக் கட்டளை 12 மாதம் வரை. பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். குழுவில் பெண்கள் சிறுவர் பிரிவு உத்தியோகத்தரும், தோட்டத்திலிருந்து குறைந்தது இரண்டு பெண்களும் இல்லையென்றால் இந்தப் பக்கம் முழுதாக விட்டுப்போகும். தோட்டப் பெண்கள் வர வேண்டுமானால் கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைக்கக் கூடாது, அது கொழுந்து நேரம்.

மேசையைச் சுற்றி யார் என்பதில் இன்னொன்று. உங்கள் பட்டியலில் கோயில் கமிட்டி இருக்கிறது, விகாரை இல்லை, பள்ளிவாசல் இல்லை. தோட்டத்துப் பையனும் பக்கத்துக் கிராமத்துப் பையனும் அடித்துக்கொண்டால் அது மறுநாள் காலையில் தமிழ்-சிங்களச் சண்டையாகிவிடும் ஊர் நம்முடையது. தமிழர்களுக்கு எதிரான கலவரங்கள் நடந்த 1977, 1981, 1983 எல்லாம் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வெறும் எண்கள் அல்ல. 2000ஆம் ஆண்டு பிந்துனுவெவ தடுப்பு முகாமில் தமிழ்க் கைதிகளைக் கூட்டம் ஒன்று கொன்றதற்குப் பிறகு மலையகத்து டவுன்கள் எப்படிக் கொதித்தன என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. பன்சல ஹாமுதுருவையும், அதாவது விகாரையின் பிக்குவையும், முஸ்லிம் வர்த்தகர்களையும் முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள். அவர்களைத் தவிர்த்துத் தொடங்கினால், குழு யாருக்கு எதிராக என்ற கேள்வி மறுநாளே எழும்.

பலன் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? இலங்கையில் கொலை வீதமே ஒரு லட்சம் பேருக்கு இரண்டு மூன்று என்ற அளவில்தான். ஒரு சின்ன டவுனில் வருடத்துக்கு நாலு இருந்தது இரண்டானால் வெற்றி என்று மாலை போடாதீர்கள், ஆறானால் கலைத்தும் விடாதீர்கள். இவ்வளவு சின்ன எண் தானாகவே ஏறி இறங்கும். தையல் போடும் அளவுக்குக் காயப்பட்டு வந்தவர்கள் எத்தனை பேர் என்ற கொப்பிக் கணக்கை இரண்டு வருடமாவது எடுத்தால்தான் ஏதாவது சொல்ல முடியும். கார்டிஃப் ஆய்வும் வருடக்கணக்கில் எண்ணியதுதான்.

அப்புறம், நடந்த இரண்டு கத்திக்குத்து வழக்குகள். உங்கள் கடைக்கு முன்னால் நடந்திருந்தால் நீங்களோ கடைப் பையனோ சாட்சியாக இருக்கலாம். குழுக் கூட்டத்தில் அந்த இரண்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். சாட்சிகளுக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் பாதுகாப்பளிக்க 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. மிரட்டல் வந்தால் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராமல் எழுத்தில் முறைப்பாடு செய்து, இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வெட்டுப்பட்ட பையன்களின் வீட்டுக்கு யாராவது போனார்களா என்று கேள்வியில் இல்லை. பழி வாங்கும் பேச்சு அங்கேதான் முதலில் தொடங்கும். கூட்டம் போடும் முன் கோயில் ஐயாவையோ தோட்டத் தலைவரையோ கூட்டிக்கொண்டு இந்தக் கிழமையே இரண்டு வீட்டுக்கும் போய்வாருங்கள், வெறுங்கையோடு போகாமல் ஒரு பழப் பையாவது எடுத்துப் போங்கள்.